எட்டு பத்து வெயில்

செடி வளர்ப்பவர்களைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. அவர்கள் அப்பாவிகள். காலையில் எழுந்து தண்ணீர் ஊற்றுவார்கள், பழுத்த இலையைக் கிள்ளுவார்கள், மொட்டு விட்டால் வீட்டில் இருப்பவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார்கள், செடி பட்டுப்போனால் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசமாட்டார்கள். உலகத்துக்கு அவர்களால் கெடுதல் இல்லை. நான் சொல்ல வந்தது வேறு இனம். பார்வைக்கு முதல் இனத்தைப் போலவே இருக்கும். கையில் பூவாளி, நகக்கண்ணில் மண், பேச்சில் உரம். ஆனால் இவர் செடியை வளர்ப்பதில்லை. அமைக்கிறார்.

வித்தியாசம் என்ன என்கிறீர்களா? ஒரு ரோஜா பூத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ப்பவர் சிரிப்பார். அமைப்பவர் முகத்தைச் சுளிப்பார். "இந்தச் சிவப்பு இங்க வரக்கூடாதே" என்பார். கடையில் வெளிர் மஞ்சள் என்று சொல்லி விற்ற செடி தன் இஷ்டத்துக்குச் சிவந்துவிட்டதை அவர் தனிப்பட்ட அவமதிப்பாக எடுத்துக்கொள்வார். அன்று முழுவதும் அந்தச் செடி சுவரைப் பார்த்து நிற்கும்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். வீட்டுக்குப் பின்புறமோ பக்கவாட்டிலோ மாடியிலோ எங்கே நாலு தொட்டி வைக்க இடம் இருக்கிறதோ, அங்கே வாசற்படியில் நின்றுகொண்டு, ஒரு கை இடுப்பில், தலை ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கண் மூடி, இன்னொரு கண்ணைப் பாதி திறந்து, பின்னால் அடுப்பில் பால் பொங்கி வழிவதையும் அறியாமல் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். "கண்ணு எங்க போகுது பாரு" என்பார். கண் எங்கே போகும்? அடுப்புப் பக்கம் போகும். "இல்ல, அந்த மூலைக்குப் போகுது. அந்த மூலை ஒரு உயரம் கேக்குது." மூலைகள் இவரிடம் நிறையக் கேட்கும். மனிதர்கள் கேட்பதுதான் அவ்வளவாகக் காதில் விழாது.

தொட்டிகளை ஒற்றைப்படையில்தான் வைப்பார். இரண்டு வைத்தால் காவல்காரர்கள் மாதிரி இருக்குமாம். நான்கு வைத்தால் ஓட்டல் வாசலாம். ஆகவே மூன்று, ஐந்து, ஏழு. ஏழில் ஒன்று உடைந்தால் ஆறாகிவிடக் கூடாதென்று கடைக்கு ஓடுவார். கடைக்காரர் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பார். எட்டாகும். எட்டை ஒன்பதாக்க மறுபடியும் ஓடுவார். கடைக்காரர் மறுபடியும் இலவசம் என்பார். உலகத்தில் முடிவே இல்லாத கணக்குகள் சில உண்டு. அவற்றில் இது ஒன்று.

எங்கள் வீட்டுக்குப் பின்வீட்டில் இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒருவர் வசிக்கிறார். நகரப் பேருந்து அலுவலகத்தில் நேர அட்டவணை போடுபவர். எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று எழுதுவது அவர் வேலை. வண்டி அப்படி நிற்கிறதா என்று பார்ப்பது வேறு பிரிவின் வேலை. என் மாடிச் சன்னலைத் திறந்தால் அவர்கள் வீட்டின் பின்பக்கம் முழுவதும் கண்ணில் படும். மெதுவாகப் பேசுகிற குடும்பம் இல்லையாதலால் காதிலும் விழும்.

அவருடைய மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஒன்றாம் வகுப்பு. அந்த வகுப்பில் நாற்காலி பெயருக்குத்தான். காலையிலிருந்து மாலைவரை நின்றும் குனிந்தும் ஓடியும் செய்கிற வேலை. போன வருடம் அந்த அம்மாள் பள்ளிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடது முட்டியை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்த அன்று டாக்டர் சொன்னார்: தினமும் காலையில் அரை மணி நேரம் வெயிலில் உட்காருங்கள், காலை நீட்டுங்கள், மடக்குங்கள், மறுபடி நீட்டுங்கள். ஆறு மாதத்தில் பழையபடி நடக்கலாம். செய்யாவிட்டால் கோல் நிரந்தரம். ஒன்றாம் வகுப்புக்குக் கோலோடு போக முடியாது. போனால் முதல் நாளே அதைக் குதிரையாக்கி ஓட்டிவிடுவார்கள்.

அந்த வீட்டில் வெயில் விழுகிற இடம் ஒன்றே ஒன்று. முன்பக்கம் முழுவதும் எதிர்வீட்டு நிழல். பின்பக்கம் பத்தடிக்கு எட்டடி சிமெண்டுத் தரை. கிழக்கு மதிலைத் தாண்டி சூரியன் ஏறி வந்து, பக்கத்து மாடியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் மறைவதற்குள், மேற்கு மூலையில் ஒரு பாய் அளவுக்கு வெயில் விழும். எட்டு பத்திலிருந்து எட்டு நாற்பது வரை. அவ்வளவுதான் அந்த வீட்டின் சூரியன்.

"உனக்கு அங்க ஒரு இடம் பண்ணித் தரேன்" என்றார் அட்டவணைக்காரர். அன்பினால் சொன்னார். கேலி செய்கிறவனும் உண்மையை மறைக்கக் கூடாது.

"ஒரு நாற்காலி போட்டா போதுங்க."

"நாற்காலி மட்டும் போட்டா பஸ் ஸ்டாப் மாதிரி இருக்கும்."

"பரவாயில்ல. பஸ்ஸா வரப்போகுது?"

"சும்மா இரு. இந்தப் பின்பக்கத்தை நான் என்ன பண்றேன் பாரு. பின்பக்கம்னு கூட இனிமே சொல்லாதே. இங்கிலீஷ்ல பேட்டியோன்னு சொல்லணும்."

அதுவரை அது பின்பக்கமாகத்தான் இருந்தது. துணி காயும், துடைப்பம் சாய்ந்திருக்கும், குடத்துக்கு மேல் குடமாக நான்கு பிளாஸ்டிக் குடங்கள் நிற்கும். பேட்டியோ ஆனதும் துணிகள் படுக்கையறைக்கு வந்தன. துடைப்பம் பீரோவுக்குப் பின்னால் போயிற்று. குடங்கள் எங்கே போயின என்று இன்றுவரை தெரியவில்லை.

முதலில் வரைபடம். இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு ஒன்று மேற்கு மூலையில் வரையப்பட்டது. சுற்றிலும் தொட்டிகள் சிறு வட்டங்களாக. பிறகு ஒத்திகை. இந்த இனத்தார் தொட்டி வாங்குவதற்கு முன் தொட்டி இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்வார்கள். மிக்சி வந்த அட்டைப்பெட்டி சின்னத் தொட்டி. டிவி வந்த பெட்டி பெரிய தொட்டி. தலையணையைச் சுருட்டி நிறுத்தினால் கற்றாழை. உயரமான செடிகளுக்குப் பெட்டி போதாது. அதற்குக் குடும்பத்தார் தேவைப்பட்டார்கள். கல்லூரிக்குப் போகிற மகள் ஐந்தடி ஐந்து அங்குலம். அவள் அலங்காரப் பனை. அம்மாள் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு, அவர் காகிதப்பூ.

"கையைக் கொஞ்சம் விரி."

"எவ்வளவு நேரங்க நிக்கறது?"

"பேசாதே. காகிதப்பூ பேசாது."

"காகிதப்பூவுக்கு முட்டி கிடையாது."

"மூணு வருஷத்துல இந்த உயரம் வந்துடும்" என்றார் அவர். மனைவியைப் பார்த்துச் சொல்லவில்லை. மனைவியின் தலைக்கு மேலிருந்த காற்றைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பா, பனைக்கு காலேஜ் நேரமாச்சு. பனை கிளம்புது" என்று மகள் பையை எடுத்துக்கொண்டு போனாள். காகிதப்பூ சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்து நிமிடம் நின்றது.

பிறகு தொட்டிகள் வந்தன. மூன்று வந்தன, ஐந்தாயின, மேலே சொன்ன கணக்கின்படி பெருகின. பெஞ்சு பெரிதாகத் தெரிந்தது; வரைபடத்தில் அதை அழித்து நாற்காலி ஆக்கினார். நாற்காலியின் முதுகு பெரணிச் செடிகளை மறைத்தது. அதை முக்காலி ஆக்கினார். முக்காலியை மட்டும் உண்மையாகவே வாங்கி வந்து மூலையில் வைத்தார். அம்மாள் அதில் இரண்டு நாள் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் காலை அங்கே குரோட்டன் செடி உட்கார்ந்திருந்தது.

"அந்த இடம் ஒரு உயரம் கேட்டுச்சு" என்றார் அவர்.

ஆனால் வெயில்? அதை அவர் மறக்கவில்லை. மறப்பவரா? வெயிலுக்கென்று தனியாக ஓர் அட்டவணை போட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டினார். ஒவ்வொரு பெரிய தொட்டிக்கும் அடியில் சக்கரம் வைத்த பலகை. எட்டு பத்துக்குக் காகிதப்பூ வெயிலுக்குள் வரும். எட்டு இருபதுக்கு அது புறப்பட, ரோஜாக்கள் வந்து நிற்கும். எட்டு முப்பதுக்குச் செம்பருத்தி. எட்டு நாற்பதுக்கு எல்லாம் பணிமனைக்குத் திரும்பும். மாதம் மாறினால் சூரியன் ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் ஆகும். அதற்கும் ஓர் அடிக்குறிப்பு இருந்தது. காலை வேளையில் என் சன்னலில் நின்று பார்த்தால், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக உருட்டிக் கொண்டுவருவதும், உருட்டிக்கொண்டு போவதும், ரோஜா அரை நிமிடம் தாமதமானதற்காகப் பதறுவதும் தெரியும். அவர் வாழ்க்கையில் நேரத்துக்கு வந்த வண்டிகள் அவைதான்.

அம்மாள் எங்கே உட்கார்ந்தார் என்கிறீர்களா? சமையலறை வாசற்படியில். நிழலில். "இங்கேருந்து பார்த்தாத்தான் முழுசா தெரியும்" என்று அட்டவணைக்காரர்தான் அங்கே ஒரு மெத்தை போட்டுக் கொடுத்தார். வெயில் ஐந்தடி தூரத்தில், ரோஜாவின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

அம்மாளுடைய தம்பி லாரிப் பட்டறை வைத்திருக்கிறவர். கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தோளில் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து சேர்ந்தார்.

"அத்தான், அக்கா எங்க உக்காருது?"

"உள்ள. அங்கேருந்து பார்த்தா எப்படி இருக்கு தெரியுமா மச்சான்?"

"வெயில் உள்ள வருதா?"

"பச்சை பாக்கறது கண்ணுக்கு எவ்வளவு நல்லது தெரியுமா?"

"அடிபட்டது கண்ணுல இல்லையே அத்தான்."

தம்பி இரண்டு தொட்டிகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, நாற்காலியை விரித்து, மூலையில் உட்கார்ந்து காட்டினார். "இவ்வளவுதான் வேலை. பாரு அக்கா." அட்டவணைக்காரர் ஐந்து நிமிடம் பொறுத்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் தாங்கவில்லை.

"மச்சான், கொஞ்சம் எழுந்திரிங்க. தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சட்டை அந்த மஞ்சளோட சேரல."

"நான் என்ன ஆயுசுக்கும் இங்கயா உக்காரப்போறேன்?"

"இருக்கற வரைக்கும் உறுத்துதே."

மறுநாள் அந்த மடக்கு நாற்காலியில் பெரணித் தொட்டி இருந்தது. இலைகள் இரண்டு கைப்பிடிகளிலும் வழிந்து, யாரோ பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு ஓய்வாகச் சாய்ந்திருப்பதைப் போல இருந்தது. அழகாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. இந்த இனத்தார் கெட்டிக்காரர்கள் இல்லையென்றால் வீட்டார் எப்போதோ சண்டை போட்டுப் பிழைத்திருப்பார்கள்.

வருகிறவர்களுக்கும் விதி உண்டு. வாசற்படியில் நின்று பார்க்கலாம். மெத்தையில் உட்கார்ந்திருக்கும் அம்மாளைத் தாண்டி எட்டிப் பார்க்கலாம். படம் எடுக்கலாம், எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று அவர் சொல்வார். "அடேயப்பா" என்று சொன்னால் டீ கிடைக்கும். "இங்க உக்காந்து பேப்பர் படிச்சா எப்படி இருக்கும்!" என்று யாராவது ஆசைப்பட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். "அதுக்காகத்தானே பண்ணினது" என்பார். இதைச் சொல்லும்போது அவர் பொய் சொல்வதாக நினைக்காதீர்கள். மனதார நம்பித்தான் சொல்வார்.

மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போனார்கள். அங்கே நடந்ததை அம்மாள் தம்பிக்குப் போனில் சொன்னார், தெருவே கேட்டது. டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தாராம். பாதிதான் மடங்கிற்றாம்.

"வெயில்ல உக்காரறீங்களா?"

"இடம் தயாராயிட்டே இருக்கு டாக்டர்" என்று இவர் போனைத் திறந்து படங்களைக் காட்டினாராம்.

டாக்டர் நான்கு படங்களைப் பார்த்தார். ரசித்தும் பார்த்தார். "ரொம்ப நல்லாருக்கு. இதுல உங்க வீட்டம்மா எங்க?" என்றார்.

இவர் ஐந்தாவது படத்தைத் தேடினார். "இன்னும் மூணு மாசம்தான் உங்க கையில இருக்கு" என்று டாக்டர் அம்மாளைப் பார்த்துச் சொன்னார். "அப்புறம் வந்து என்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல." பள்ளியில் கொடுத்திருந்த விடுப்பும் அதே மூன்று மாதத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் நிற்கத் தெரிந்த வேறொருவரைப் போட்டுக்கொள்வார்கள்.

வீடு திரும்பும் வழியில் இவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கே ஒரு வழி பண்றேன்" என்றார். வழியில் வண்டியை நிறுத்தி, அந்த மூலைக்குப் பின்னால் வைக்க ஒரு மூங்கில் தட்டி வாங்கினார்.

இப்படிப்பட்டவரை என்ன செய்வது? சண்டை போட முடியாது. அவர் உங்களுக்காகத்தான் எல்லாம் செய்துகொண்டிருக்கிறார். கெஞ்ச முடியாது, கெஞ்சினால் இன்னும் கொஞ்சம் செய்வார். தொட்டியை ரகசியமாக நகர்த்தவும் முடியாது. ஓர் அங்குலம் நகர்ந்தாலும் ஆபீசிலிருந்து வந்ததும் கண்டுபிடித்துவிடுவார். அந்த அம்மாள் ஒன்றாம் வகுப்பை இருபது வருடம் சமாளித்தவர். பிடிவாதக்காரர்களிடம் அவர்களுடைய விளையாட்டின் விதியைப் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

வெயில் அட்டவணை மாதத்துக்கு ஒன்று. அவர் கிறுக்கிக் கொடுப்பார். அம்மாள் தன் கரும்பலகைக் கையெழுத்தில் அழகாக நகல் எடுப்பார். அவர் அதன் அடியில் கையெழுத்துப் போட்டுத் தேதியிட்டு ஒட்டுவார். ஆபீசில் அவருக்குத் தினமும் இருபது நகல்கள் வரும். எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் அங்கே இல்லை. வீட்டிலும் இல்லை.

புது மாதத்தின் முதல் நாள். எட்டு மணி ஒன்பது நிமிடம். சன்னலில் நான் இருந்தேன். அட்டவணைக்காரர் காகிதப்பூவை உருட்டிக்கொண்டு வாசற்படிக்கு வந்தார். மூலையில், பெரணி போன இடம் தெரியாமல் போயிருக்க, மடக்கு நாற்காலியில் அம்மாள் உட்கார்ந்திருந்தார். இடது கால் ஒரு கவிழ்த்த தொட்டியின் மேல் நீட்டியிருந்தது. வெயில் அப்போதுதான் பாதத்தைத் தொட்டிருந்தது.

"எழுந்திரும்மா, நேரமாச்சு. காகிதப்பூ வந்தாச்சு."

"அட்டவணையைப் பாருங்க."

"என்ன பாக்கறது? எட்டு பத்து காகிதப்பூ. எனக்கு மனப்பாடம்."

"போன மாசத்துது மனப்பாடம். இந்த மாசத்துதைப் பாருங்க."

உள்ளே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மகள் உரக்கப் படிக்கும் குரல் வந்தது. அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம். "எட்டு பத்து முதல் எட்டு நாற்பது வரை: இடது முட்டி. இடையில் நிறுத்தம் இல்லை."

திரும்பி வந்தார்.

"இதை யாரு சேர்த்தது?"

"யாரு சேர்த்தா என்ன? அடியில யாரு கையெழுத்து?"

அவர் கையெழுத்துத்தான். தேதியோடு. ஒட்டிய அட்டவணையை மாத முடிவு வரை மாற்ற முடியாது என்பது அவர் அலுவலக விதி. எங்கள் தெருவுக்கு வண்டி வேண்டும், எங்கள் தெருவில் வண்டி வேண்டாம் என்று மனுவோடு வருகிற ஆயிரம் பேரிடம் "ஒட்டினது ஒட்டினதுதான் சார்" என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தலைமுடியே கொட்டிப்போயிருந்தது. அந்த விதியை அவரே மீறினால் இருபத்தாறு வருடச் சர்வீசுக்கு என்ன அர்த்தம்?

"சரி. அடுத்த மாசம் திருத்திக்கலாம்" என்றார்.

"அடுத்த மாசமும் நகல் எழுதப்போறது நான்தான்."

அவர் காகிதப்பூவை வைக்க இடம் தேடினார். எங்கும் இடம் இல்லை. எல்லா இடத்தையும் அமைத்தாகிவிட்டது. ஆகவே வாசற்படியிலேயே அதன்மேல் ஒரு கையை ஊன்றியபடி நின்றார். அம்மாள் காலை மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார். வெயில் பாதத்திலிருந்து முட்டிக்கு ஏறியது. எட்டு முப்பது இருக்கும். அவர் தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடினார்.

"என்ன?" என்றார் அம்மாள்.

"ஒண்ணுமில்ல. அந்த நாற்காலியை ஒரு ரெண்டு அங்குலம் இடப்பக்கம்..."

"மாட்டேன்."

"சரி, வேண்டாம்" என்றார்.

இரண்டரை மாதம் கழித்து அந்த அம்மாள் பள்ளிக்குப் போனார். பஸ் பிடித்து, நின்றுகொண்டே போனார். கோல் வீட்டில் கிடந்தது. அதை அட்டவணைக்காரர் வீணாக்கவில்லை. செம்பருத்தி ஒரு பக்கம் சாய்கிறதென்று முட்டுக் கொடுத்துவிட்டார்.

இவ்வளவையும் படித்துவிட்டு நீங்கள் நிம்மதியாகச் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. உங்கள் வீட்டில் பேட்டியோ கிடையாது. தொட்டி என்றால் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். நல்லது. ஆனால் இந்த இனம் செடிகளுக்கு நடுவில் மட்டும் வாழ்வதில்லை. மகன் படிப்பதற்கென்று மேசை வாங்கி அதில் கீறல் விழாமல் காவல் காப்பவரும், அம்மா சாய்ந்துகொள்ள சோபா வாங்கி அம்மா வந்து உட்காரும்போதெல்லாம் உறையை இழுத்துவிடுகிறவரும், வீட்டுக்காரிக்கு வசதியாக இருக்கட்டுமென்று சமையலறையைப் புதுப்பித்து உப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்கிறவரும் அதே குடும்பத்தின் கிளைகள். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் அன்பினால் ஆரம்பித்தவர்கள்.

நான் அப்படி இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். "இது உனக்காகத்தான்" என்று சொல்லி வீட்டில் நீங்கள் கடைசியாகச் செய்தது எதுவோ, அதை நினைத்துக்கொள்ளுங்கள். யாருக்காகச் செய்தீர்களோ அவரை அங்கே கூப்பிடுங்கள். எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். "நல்லாருக்கு" என்பார். அந்தப் பதிலை விட்டுவிடுங்கள். சொல்லிச் சொல்லி அவருக்குப் பழகிவிட்டது. சொல்லும்போது அவர் உட்கார்ந்திருக்கிறாரா, நின்றுகொண்டிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.